அச்சேறாத இரண்டு பக்கங்கள்

மண்ணெண்ணெய் வாசனை வந்தால் எனக்கு அடுப்பு நினைவுக்கு வராது, கவிதைதான் வரும். அச்சகத்திலிருந்து பிழை திருத்த அப்பாவுக்கு வரும் நீள நீளமான "புரூஃப்" தாள்கள் மையும் மண்ணெண்ணெயுமாக மணக்கும். ஐப்பசி மழையில் நமுத்துப்போன அவற்றை அவர் கூடத்துக் கொடியில் அம்மாவின் புடவைகளுக்கு நடுவே காயப்போடுவார். நான் பாயில் படுத்தபடி, தலைக்கு மேலே ஆடும் வரிகளை அரைத் தூக்கத்தில் படித்துக்கொண்டிருப்பேன்.

அப்பா வலங்கைமான் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியர். ஊருக்குப் "புலவர்", சிற்றிதழ்களுக்கு விமர்சகர். எழுதியதற்குக் கூலி அந்த இதழின் ஒரு பிரதி, அவ்வளவுதான். எந்த நூலையும் அடுப்படிக்கும் முற்றத்துக்கும் நடந்தபடி வாய்விட்டுத்தான் படிப்பார். வரி பிசகினால் காலில் முள் குத்தியவர்போல நின்றுவிடுவார். "இன்னிக்கு ரொம்ப நிக்கிறாரே, எழுதினவன் பாவம்" என்று அம்மா சோறு வடித்துக்கொண்டே சொல்வாள்.

திராவிட ஆட்சி வந்து மேடைதோறும் கவியரங்கம் நடந்த காலம் அது. கூடவே கூலி உயர்வு கேட்டு வயலோரமெல்லாம் செங்கொடி நட்டிருந்தார்கள். பள்ளியின் தாளாளர் பெரிய மிராசுதார். அவருக்கும் கவிதை ஆசை வந்து, அறுவடைப் பெண்களின் சிரிப்பைப் பற்றியே ஒரு தொகுப்பு எழுதிவிட்டார். அந்தப் பெண்களோ அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள், குறுவைக் கதிர் மழையில் சாய்ந்து கிடந்தது. தொகுப்புக்கு அணிந்துரை எழுத வேண்டியவர் அப்பா. அப்பாவின் வேலையை நிரந்தரமாக்கும் கையெழுத்து தாளாளருடையது.

"நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுத்துடுங்களேன். அணிந்துரையை யாரு படிக்கப் போறா?" என்றாள் அம்மா.

"நான் படிப்பேன்ல" என்றார் அப்பா.

அவர் அந்தத் தொகுப்பின் தாள்களோடு பல நாள் நடந்தார். நடந்தார் என்பதைவிட நின்றார் என்பதே சரி. ஒரு மாலை மட்டும், தூறலின் சத்தத்தோடு சேர்ந்து அவர் குரல் எங்கும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது, அம்மாகூட அகப்பையைப் பிடித்தபடி கேட்டாள். நோயில் விழுந்த செவலைக் காளையின் பக்கத்தில் தாளாளர் உட்கார்ந்திருந்ததைப் பற்றிய கவிதை. "அதன் கண்ணில் நான் சின்னவனாய்த் தெரிந்தேன்" என்று அது முடிந்தது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ஒரு கவிதையைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதினார். மற்றவை மேடைக்கானவை என்று ஒரு வரியில் ஒதுக்கிவிட்டு, "தன்னைச் சின்னவனாகக் கண்ட இடத்தில்தான் இவர் பெரிய கவிஞர்" என்று முடித்தார். இதைவிடப் பெரிய பாராட்டை எவருக்கும் எழுதியதில்லை என்று அவர் நம்பினார். "மனுஷன் சந்தோஷப்படுவாரு பாரு" என்று அம்மாவிடம் சொல்லவும் செய்தார். விமர்சகர்களுக்கு மட்டுமே வரக்கூடிய அசட்டுத்தனம் அது.

தாளாளர் புரூஃபைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஊரே சேர்ந்து என்னைச் சின்னவனாக்கப் பாக்குது. நீங்களுமா புலவரே?"

"நீங்க எழுதினதுதாங்க அது" என்றார் அப்பா மெதுவாக.

அணிந்துரைக்காக அச்சகத்தில் கோத்திருந்த ஈய எழுத்துகளைத் தாளாளர் கலைக்கச் சொல்லிவிட்டார். புத்தகம் அணிந்துரை இல்லாமல் வந்தது. கோடை விடுமுறைக்குப்பின் அப்பாவுக்கு அந்தப் பள்ளியில் இடமில்லை. திருவையாற்றுக்குக் குடிபெயர்ந்து, ஒரு "டுடோரியலில்" கடைசிவரை அரைச் சம்பளத்துக்குப் பாடம் சொன்னார். அம்மா வெகுநாள் அவரிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் கோபம்தான். புதுச் சட்டை இல்லாத ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தக் காளையைத் திட்டியிருக்கிறேன்.

இப்போது அந்தப் பள்ளி கல்யாண மண்டபமாகிவிட்டது. அச்சகமும் இல்லை, அந்தத் தொகுப்பு நான் தேடிய எந்த நூலகத்திலும் இல்லை. தாளாளரும் காலமாகிவிட்டார். அதற்கு முன், அப்பா இறந்தபோது அவர் துக்கம் கேட்க வந்திருந்தார்; நிலமெல்லாம் கைமாறி, தடி ஊன்றி நடந்துகொண்டிருந்தார். எல்லோரும் எழுந்து போகும்வரை காத்திருந்து என்னிடம் கேட்டார்.

"அவரு எழுதின அந்த ரெண்டு பக்கம் உன்கிட்ட இருக்காம்மா?"

கையெழுத்துப் பிரதியும் அச்சகத்தோடு போயிருந்தது. இல்லீங்க ஐயா என்றேன். போகத் திரும்பியவரை நிறுத்தி, எனக்கு மனப்பாடமாயிருந்த கடைசி வாக்கியத்தைச் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.