கீழ் வரியைப் படிக்காமல் மாட்டிய இரண்டு புராசஸர்கள்

அந்த மெஷின் எங்கள் கடையிலிருந்து போன ஒன்பதாம் நாள் செல்வி போன் செய்தார்.

"எஸ்தரக்கா, மறுபடியும் நின்னுடுச்சு. ஸ்கிரீன் அப்படியே உறைஞ்சு போய் இருக்குது. இதோட மூணாவது வாட்டிக்கா."

காஞ்சிபுரத்தில் பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு கம்ப்யூட்டர் கடையில் பத்தொன்பது வருடமாக அசெம்பிளி வேலை பார்க்கிறேன். பில்லிங் கம்ப்யூட்டர், பட்டுப்புடவைக் கடைகளின் டிசைன் கம்ப்யூட்டர் என்று எத்தனையோ கட்டியிருக்கிறேன். இரண்டு புராசஸர் போட்ட மெஷின் மட்டும் வருடத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. செல்விக்குக் கட்டியது அப்படி ஒன்று. அவர் மாகறலில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். ஏரிக்கரை உடைந்தால் தண்ணீர் எந்தத் தெருவுக்கு எவ்வளவு நேரத்தில் வரும் என்று கணக்கிடும் ஆராய்ச்சியில் இருந்தார். ஒரு கணக்கு முடியவே பத்து நாள் ஓட வேண்டும். புது சர்வர் வாங்கக் கட்டுப்படியாகாது என்பதால், பெரிய ஆபீஸ்களில் கழற்றிப் போட்ட ஜியான் என்ற சர்வர் புராசஸர்கள் இரண்டை வாங்கி, புராசஸர் உட்கார இரண்டு சாக்கெட் உள்ள போர்டில் மாட்டிக் கொடுத்திருந்தேன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அவருக்கு ஐந்து வாரம் இருந்தது.

காரணம் தேடிய நாட்கள்

மெஷினை ஆட்டோவில் கொண்டு வந்தார். முதலில் ராம் டெஸ்ட் போட்டேன். சுத்தமாக இருந்தது. பவர் சப்ளையை மாற்றினேன், பலன் இல்லை. சூடும் அளவோடுதான் இருந்தது. பிறகு ஒரு புராசஸரை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் முதல் சாக்கெட்டில் வைத்து ஓட்டினேன். ஒரு நாள் முழுக்க ஓடியது. அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டேன். அதுவும் ஓடியது. இரண்டையும் சேர்த்து முழு வேகத்தில் ஓட்டினால் சில மணி நேரத்தில் நின்றது.

இரண்டாவது சாக்கெட்டில் பின் ஏதாவது வளைந்திருக்குமோ என்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எல்லாம் நேராக இருந்தன. புராசஸர்களை ஸ்பிரிட் போட்டு நன்றாகத் துடைத்து அருகருகே வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மேலே இருந்த மாடல் நம்பர் இரண்டிலும் ஒன்று. அதற்குக் கீழ் வரியில் இருந்த ஐந்தெழுத்துக் குறியீடு வேறு வேறு.

அந்தக் குறியீடு ஸ்டெப்பிங்கைச் சொல்லும். ஒரே மாடலையே பிறகு திருத்தி வெளியிடுவார்கள், அந்தத் திருத்தத்துக்குப் பெயர்தான் ஸ்டெப்பிங். சில போர்டுகள் வேறு வேறு ஸ்டெப்பிங்கைச் சேர்த்துப் போட்டாலும் ஏற்கும். சில ஏற்காது. சில ஏற்பது போல ஏற்று, வேலை அதிகமானதும் மக்கர் செய்யும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. முதலில் மாட்டிய அன்று ஒன்றின் மேல், சூட்டைக் கடத்தத் தடவும் பேஸ்ட் பழையது காய்ந்து ஒட்டியிருந்தது. மாடல் நம்பர் தெரியும் வரை துடைத்தேன், அது போதும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஓனரிடம் சொன்னேன். "ரெண்டும் ஒரே நம்பர்தானேம்மா? அந்தப் பொண்ணுக்கு இதெல்லாம் புரியவா போவுது? அவங்க சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறுன்னு சொல்லு. அதுக்குள்ள சத்தமில்லாம மாத்திடலாம்" என்றார். நல்ல மனிதர்தான். கடையின் பெயரைப் பற்றிய பயம் அவருக்கு.

எனக்கும் அது சுலபமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் செல்வி வந்து உட்கார்ந்ததும், இத்தனை நாளாகத் தன் சாஃப்ட்வேரில் தப்பைத் தேடித் தேடிக் கண் வீங்கிப்போன முகத்தைப் பார்த்தேன். சொல்லிவிட்டேன்.

"தப்பு என்னோடதும்மா. ரெண்டும் ஜோடி இல்ல. நான் சரியா பாக்காம மாட்டிட்டேன்."

அவர் கோபப்படவில்லை. ஒன்றுதான் கேட்டார்: "அப்படின்னா, நின்னு போறதுக்கு முன்னாடி வந்த கணக்கெல்லாம் சரியா தப்பான்னு எப்படிக்கா தெரியும்?"

நின்று போவதைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். இது எனக்குத் தோன்றவே இல்லை.

"தெரியாதும்மா" என்றேன்.

சரிபார்த்ததும் மாற்றியதும்

வழி சொன்னவர் செல்விதான். முதல் மூன்று நாள் கணக்கில் ஒரு சிறு பகுதியை ஒற்றை புராசஸரில் மறுபடி ஓட்டி ஒப்பிடலாம் என்றார். இரண்டாவது சாக்கெட் காலியாக இருந்தால் அதன் பக்கத்து ராம் ஸ்லாட்டுகளும் வேலை செய்யாது. அதனால் ராமை முதல் பக்கம் மாற்றிப் போட்டுக் கொடுத்தேன். ஆமை வேகத்தில் ஓடியது.

அதற்குள் நான் சென்னையில் பழைய சர்வர் பாகம் விற்பவரை போனில் பிடித்தேன். "இன்னா எஸ்தரு, மேல நம்பர் ஒண்ணா இருந்தா போதாதா? இத்தினி வருசமா அப்படித்தான வாங்கிக்கினு இருந்த?" என்றார்.

"போதாது. ஒரே சர்வர்ல இருந்து ஜோடியா கழட்டினது வேணும். நானே வந்து பாத்து எடுத்துக்கறேன்."

போனேன். தட்டில் கிடந்த பதினோரு புராசஸர்களையும் அங்கேயே துடைத்து, கீழ் வரியைப் படித்தேன். அவர் ஜோடி என்று எடுத்துக் கொடுத்ததே ஜோடியாக இல்லை. தேடி ஒரு சரியான ஜோடியை எடுத்து வந்தேன்.

நான் திரும்பி வந்தபோது செல்வி கடையில் காத்திருந்தார். "ஒத்துப் போவுதுக்கா! எல்லா எடத்துலயும் ரெண்டு கணக்குலயும் தண்ணி மட்டம் ஒண்ணாவே இருக்குது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பழைய முடிவுகளைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. அன்றே புது ஜோடியை மாட்டினேன். இரண்டு நாள் முழு வேகத்தில் கடையிலேயே ஓட்டிப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன். பிறகு ஒருமுறைகூட நிற்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இரண்டு புராசஸர் போடும்போது மாடலோடு ஸ்டெப்பிங்கையும் பாருங்கள், பேஸ்ட் தடவும் முன்பே பாருங்கள், இரண்டையும் போட்டோ எடுத்து கஸ்டமரிடமும் ஒன்று கொடுங்கள். தப்பு உங்களுடையது என்றால் அன்றே சொல்லிவிடுங்கள். அவர்கள் அதன் மேல் எதைக் கட்டியிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு செல்வி ஒரு பெரிய வரைபடத்தோடு கடைக்கு வந்தார். மேஜையில் விரித்து, எங்கள் ஊர் முசரவாக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்தோம்.

"எங்க தெருவுக்கு எப்ப தண்ணி வரும்?"

"கரை உடைஞ்சா ரெண்டே கால் மணி நேரத்துலக்கா. அதுக்குள்ள எல்லாரும் மேட்டுக்குப் போயிடலாம்."

அன்று மாலை வீட்டுக்குப் போனதும், மேடு எந்தப் பக்கம் என்று எங்கள் தெருவில் நடந்து பார்த்தேன்.