சின்னம்மாவின் இரண்டு பரப்புக் காணி

காணி சின்னம்மாவுடையது, கையெழுத்து சித்தப்பாவுடையது. சீதனமாய் வந்த மண்ணானாலும் புருஷன் ஒப்பமிடாமல் ஒரு பிடி கொடுக்க முடியாது என்பது எங்கள் தேசவழமைச் சட்டம். அறுபதுகளின் தொடக்கம், புங்குடுதீவு, எனக்கு ஒன்பது வயது. தெருவோரத்து இரண்டு பரப்பை மாதர் சங்கத்துக்கு எழுதிக்கொடுக்கச் சின்னம்மா ஆசைப்பட்டார். காற்றும் உப்பும் மட்டுமே விளைந்த நிலம். ஒரு கொட்டில் போட்டால் போதும், பெண்கள் கூடியிருந்து பேச.

தெற்கே காலி நகரில் கடை வைத்திருந்த சித்தப்பா திருவிழாவுக்கு வந்திருந்தார். தையல் பழக்க என்று சொல்லித்தான் சின்னம்மா அவரைச் சம்மதிக்க வைத்திருந்தார்.

முதல் கூட்டத்தில் வாசிக்கச் சின்னம்மா ஒரு கட்டுரை எழுதினார்: ஓர் அரபுப் பெண்கள் சங்கத்தின் வரலாறு. ஏதோ ஆங்கிலச் சஞ்சிகையில் படித்தது. எகிப்தில் சில பெண்கள் கூடினார்கள். பள்ளிக்கூடம் கேட்டார்கள், வாக்குரிமை கேட்டார்கள், பத்திரிகை நடத்தினார்கள், வசை வாங்கினார்கள். கடைசியில் அரசாங்கம் சங்கத்தை மூடியது. கிணற்றடியிலும் அடுப்படியிலும் என்னை நிறுத்தி வைத்து வாசித்துப் பழகினார். எனக்கு முழுதும் பாடமாகிவிட்டது.

பத்திரம் எழுதும் நொத்தாரிசு வரவிருந்த காலை, சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி சித்தப்பா கேட்டார்: "பிள்ளை, சின்னம்மா என்னவோ வாசிச்சுப் பழகிறா. உமக்குத் தெரியுமே?"

தெரியாமல் என்ன! கைகட்டி நின்று கடைசி வரிவரை ஒப்புவித்தேன்: "அரபுப் பெண் தன் காணியைத் தன் கையெழுத்தாலேயே விற்கிறாள். நாம்தான் சொந்த மண்ணுக்குப் புருஷனிடம் கையேந்தி நிற்கிறோம்."

சித்தப்பா கைதட்டினார். தின்ன ஒரு ரொபி தந்தார்.

நொத்தாரிசு வந்து காணி உறுதிப் பத்திரத்தை விரித்துப் பேனையை நீட்டியபோது, சங்கத்துப் பெண்கள் நாலு பேர் கோயிலுக்குப் போகிற சேலையோடு வாசலில் நின்றார்கள்.

"ஐயா, எனக்குக் கை சுளுக்கு. பேனை பிடிக்க ஏலாது," என்றார் சித்தப்பா. "எகிப்திலை ஆரும் பொம்பிளையள் இருந்தால் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கோ."

நொத்தாரிசு குலுங்கிச் சிரித்தார்.

"இஞ்சேருங்கோ, தையலுக்குத்தானே..." என்று சின்னம்மா தொடங்கினார்.

"ஓமோம். முதல் உம்மடை வாயைத் தையும்."

பெண்கள் ஒவ்வொருவராய்ப் படலையைத் தாண்டினார்கள். எகிப்தில் மூடுவதற்கு ஓர் அரசாங்கமாவது தேவைப்பட்டது.

குசினிக்குள் சின்னம்மா என்னைக் கூப்பிட்டார். "நீயே அவருக்குச் சொன்னனீ?"

"ஓம். ஒரு சொல்லும் விடேல்லை."

"கெட்டிக்காரி," என்றார்.

உற்சாகத்தில் மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் வரியில் அவர் எழுந்து போய்விட்டார். முழுதும் கேட்காமல் போகிறாரே என்று எனக்குக் கோபம் கோபமாய் வந்தது.