லிட்டருக்கு இருபத்திரண்டு

பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பாடத்தில் இருப்பது மட்டுமல்ல, இல்லாததும் தங்களுக்குத் தெரியும் என்று நினைப்பார்கள். எனக்கு அது முற்றிப்போயிருந்தது. இல்லாவிட்டால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த காரின் என்ஜினிடம் பொய் சொல்லும் வேலையில் இறங்கியிருக்க மாட்டேன்.

விஷயம் எளிது. என்ஜினுக்குள் ஒரு பங்கு பெட்ரோலோடு ஏறக்குறைய பதினைந்து பங்கு காற்று சேர்ந்து எரிகிறது. பெட்ரோலை இன்னும் குறைத்து எரித்தால் மைலேஜ் கூடும். ‘லீன் பர்ன்’ என்பார்கள். இதற்கென்றே செய்த என்ஜின்கள் உண்டு. என்னுடையது அந்த ஜாதி இல்லை. பதினான்கு வயதான சின்னக் கார். ஆனாலும் இணையத்தில் ஒரு டப்பா விற்றார்கள். உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சாரின் வயரை வெட்டி நடுவில் இந்த டப்பாவைச் சேர்த்தால், அது காற்றின் அளவைக் குறைத்துச் சொல்லும். அதை நம்பி என்ஜினும் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். டப்பாவில் ஒரு குமிழ். இடது கோடியில் வைத்தால் பழைய நிலை. வலப்பக்கம் திருப்பத் திருப்பச் சிக்கனம். ஸ்டீயரிங்குக்குக் கீழே கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

சங்கராபுரம் சாலையில் எனக்கு வழக்கமாக வண்டி பார்க்கும் மெக்கானிக் அதைக் குனிந்து பார்த்தார்.

“இன்னா சார், வண்டியப் பட்டினி போட்டுக்கினு இருக்கீங்க? ரோட்டுல மெதுவா போறதுக்குச் சரி. மலை ஏறச்சொல்ல மட்டும் இத்தப் பழைய எடத்துல வெச்சிடுங்க. பெட்ரோலு கம்மியானா சூடு ஜாஸ்தியாவும், வண்டி இழுக்காது.”

“தெரியும்ப்பா” என்றேன். உண்மையிலேயே தெரியும். அதுதான் கொடுமை.

கள்ளக்குறிச்சியிலிருந்து எலவனாசூர்கோட்டையில் இருக்கும் என் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போனேன். டிராக்டர்கள்கூட என்னை முந்தப் பார்த்தன. பங்க்கில் டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பச் சொல்லி, மைலேஜ் கணக்குப் பிசகாமல் இருக்க உள்ளே உள்ள காற்று வெளியேறட்டும் என்று காரைப் பின்பக்கமாகப் பிடித்து ஆட்டுவேன். பெட்ரோல் போடும் பெண் முதல் வாரம் சிரித்தாள். அப்புறம் நான் வந்தாலே வேறு வண்டியைப் பார்க்கப் போய்விடுவாள். லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த கார் இருபதைத் தொட்டது, பிறகு இருபத்தொன்று. ஆசிரியர் அறையில் நான் வாயைத் திறந்தாலே தமிழாசிரியர் விடைத்தாள் கட்டோடு வெளியே போவார்.

இந்த நேரத்தில்தான் என் மனைவிக்குப் பதவி உயர்வு வந்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருபது வருடம் காத்திருந்தவளுக்கு, கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளியில் தலைமையாசிரியை இடம். திங்கட்கிழமை முற்பகல் போய்ச் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். பன்னிரண்டு மணி தாண்டினால் பணிப்பதிவேட்டில் ‘பிற்பகல்’ என்று விழும். அதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை என்று சிலர் சொல்வார்கள். அரசாங்க வேலை பார்ப்பவர்கள் வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டு முழுசாக வெளியே வர முடியாது. முதல் நாளே பிந்தி வந்தவள் என்று எழுத்தில் நிற்கக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு.

“ஏழு மணி பஸ்ஸுல போய்டறேங்க. ராகு காலத்துக்கு முன்னாடியே கெளம்பினாப்புல ஆவும்” என்றாள்.

“ஹெச்.எம். அம்மா பஸ்ஸுல போவறதா? நான் லீவு போட்டிருக்கேன். ஒன்பதுக்கு மேல கெளம்பினா பத்தரைக்கு அங்க இருக்கலாம்” என்றேன். அவள் அந்தக் கையெழுத்தைப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. விடுப்பே அதற்காகத்தான்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையும் போனது. மலை தொடங்கியதும் குமிழைத் திருப்பியிருக்க வேண்டும். ஆனால் அன்று, காரோடு இணைத்து மைலேஜ் பார்க்க வைத்திருந்த செல்போன் திரையில் சராசரி முதன்முறையாக லிட்டருக்கு இருபத்திரண்டு என்று காட்டிக்கொண்டிருந்தது. திருப்பினால் இறங்கிவிடும். கையைக் கொண்டுபோய்க் குமிழைத் தொட்டேன், பிறகு எடுத்துவிட்டேன்.

இரண்டாவது கியரிலேயே வண்டி முனகியது. நான்காவது வளைவில் என்ஜினுக்குள்ளிருந்து, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம் கேட்டது.

“அந்த மெக்கானிக்கு இன்னா சொன்னாரு? அத்தத் திருப்புங்க” என்றாள்.

“இன்னும் மூணு வளைவுதான். தாங்கும்.”

ஒன்றரை வளைவுதான் தாங்கியது. சூடு காட்டும் முள் சிவப்பில் போய்ச் சாய்ந்தது. வண்டி இரண்டு தடவை உதறி நின்றது. சக்கரத்துக்குக் கல்லை அண்டை கொடுத்தேன். அவள் பார்க்காதபோது குமிழை இடது கோடிக்குத் திருப்பினேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சாவியைப் போட்டேன், கிளம்பவில்லை. “கொஞ்சம் ஆறினா போதும்” என்று சொல்லி, ஏன் சூடாகிறது என்பதை விளக்கவும் ஆரம்பித்தேன். பட்டுப்புடவையில், சான்றிதழ் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, மணி பதினொன்று ஆவதை அவள் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பாதிப் பயம் போயிருக்கும்.

மரவள்ளிக் கிழங்கை ஆலையில் இறக்கிவிட்டுக் காலியாக மேலே திரும்பிக்கொண்டிருந்த பிக்கப் ஒன்று வந்து நின்றது. ஓட்டியவர் மலை விவசாயி; என் வயதுதான் இருக்கும்.

“இன்னாம்மா, எங்க போவணும்?”

சொன்னாள்.

“ஏறுங்க. பன்னண்டுக்குள்ள வுட்டுடறேன்.”

வளைவில் காரை அநாதையாக விட்டுப் போக முடியாது, நான் நின்றுவிட்டேன். கண்ணாடி வழியாக அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். முன்னால் பாதையைத்தான் பார்த்துக்கொண்டு போனாள்.

என்ஜின் ஆறி, பழைய பெட்ரோல் பழக்கத்தோடு சமர்த்தாக மலையேறி நான் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது பன்னிரண்டரை. வாசலில் நின்ற சமையல்காரம்மா, “டிரைவரு, வண்டிய அந்தாண்ட நெழல்ல போடுங்க” என்றார். போட்டேன்.

உள்ளே அவள் நாற்காலியில் இருந்தாள். பதினொன்று முப்பத்தைந்துக்கே கையெழுத்துப் போட்டாயிற்று. முற்பகல். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் பிக்கப்காரர், கழுத்தில் சால்வை, கையில் டீயோடு நெளிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். புது ஹெச்.எம்.முக்கும் வீட்டுக்காரருக்கும் என்று பள்ளியில் ஆளுக்கொரு சால்வை வாங்கி வைத்திருக்கிறார்கள்; அவளோடு வந்து இறங்கியவரை வீட்டுக்காரர் என்று நினைத்துவிட்டார்கள். அவர், “நான் இல்லீங்க, நான் இல்லீங்க” என்றிருக்கிறார். கூச்சப்படுகிறார் என்று நினைத்துப் போட்டுவிட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள், நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தேன்.

திரும்பி இறங்கும்போது கேட்டேன்: “நீயாவது சொல்லியிருக்கலாமே?”

“இட்டுக்கினு வந்து சேத்தவரு அவருதான். கழுத்துல போடச்சொல்ல, ‘அவருக்கு இல்ல’ன்னு எப்பிடிங்க சொல்றது?”

மறுநாளே டப்பாவைக் கழற்றினேன்.

ஓர் ஆசிரியர் அன்று எடுத்த படம் அவளுடைய மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. பதிவேட்டின் மேல் பேனா, பின்னால் சால்வையோடு பிக்கப்காரர், அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அந்தப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.