பக்கம் புரட்டுகிற கை

தங்கச்சி, உன்னுடைய புத்தகப் பையை இன்றைக்குத்தான் திறந்தேன். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போன நீ நான்காம் நாள் இல்லாமல் போனாய். முப்பத்தொன்றாம் நாள் சடங்கும் முடிந்துவிட்டது. அதுவரை யாரும் அந்தப் பையைத் தொடவில்லை. உள்ளே பள்ளிக்கூடத்துக் கதைப்புத்தகம் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் பாதியில் விட்டது.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். உப்புவெளிக் கரையில் வலையிலிருந்து மீன் கழற்றுகிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடநேரத்தில் விரும்பிய புத்தகத்தை வாசிக்கலாம், கேள்வியும் கேட்கமாட்டார்கள் என்று நீ வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. என் காலத்தில் புத்தகங்கள் அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. மீன் மணக்கிற கையால் தொடாதே என்று ஒருமுறை துரத்தினார்கள். பிறகு நான் கேட்கவே இல்லை.

நீ இந்தக் கதைப்புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாய்.

"அண்ணா, கை வைக்காதேங்கோ. நீங்கள் வாசியுங்கோ, நான் புரட்டுறன்."

எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன்.

"இன்னும் முடியேல்லையோ? கரைவலை மாதிரியெல்லோ இழுக்கிறியள்!"

"பொறடி, கதையில கப்பல் இப்பதானே தாழுது."

"நாலு நாளா இந்தப் பக்கத்திலதான் தாழுது!"

இன்றைக்கு மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு, புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். உன்னுடைய டீச்சர் வாங்கவில்லை.

"முடிச்சிட்டீங்களோ?"

"இல்லை டீச்சர். பாதிதான்."

"பிறகேன் கொண்டுவந்தனீங்கள்?"

"என்ர கை மணக்கும் டீச்சர். புத்தகம் பழுதாப் போயிரும்."

டீச்சர் புத்தகத்தை என் பக்கமே தள்ளினார்.

"மணந்தா மணக்கட்டும். அண்ணா எந்தப் பக்கத்தில நிக்கிறார் எண்டு ஒவ்வொரு வெள்ளியும் அவள் வகுப்பில சொல்லுவாள். உங்களை முந்தவெண்டு பிள்ளையளும் வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோகத் தொடங்கினதுகள். இப்ப ஒருத்தரும் புத்தகம் கேக்கிறேல்லை. முடிச்சிட்டு வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வந்து நீங்களே சொல்லுங்கோ."

ஓம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என்னைப் பற்றி வகுப்பில் சொல்லியிருக்கிறாய். எனக்கு ஒருநாளும் சொல்லவில்லையே.

புத்தகம் இப்போது நீ உட்கார்ந்து புரட்டிய கதிரையில் விரித்தபடி இருக்கிறது. கப்பல் தாழ்ந்துவிட்டது. அந்தப் பக்கத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டேன். விரலை ஓரத்தில் வைக்கிறேன், எடுக்கிறேன். புரட்ட ஏலாமல் இருக்கிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமைக்குள் புரட்டத்தான் வேண்டும்.

இதை வாசிக்கிறவர்களே, கோயிலோ பள்ளிவாசலோ மாதா கோயிலோ, நீங்கள் எங்கே நின்று கும்பிட்டாலும் என் தங்கச்சியையும் ஒருதரம் நினைத்துக் கும்பிடுங்கள்.