தறிக்குழியில் உட்கார்ந்த வக்கீல்

வக்கீல் ஏகாம்பரம் காலமான செய்தி கோர்ட் வாசல் டீக்கடையில் எனக்கு வந்தது. சொன்ன சக வக்கீல் கையிலிருந்த பஜ்ஜியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நல்ல மனுஷன். பொழைக்கத்தான் தெரியல" என்றார். இருபது வருடம் ஏகாம்பரத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று நன்றாகப் பிழைத்தவன் நான். அவரை அறிந்த உங்களுக்கு இதை நான்தான் எழுத வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் வந்தது முள்ளிப்பட்டு நெசவாளி தணிகாசலத்தின் வழக்கு. வீட்டுக்குப் பின்னால் அனுமதி வாங்காமல் தறிக் கொட்டகை கட்டிவிட்டு, அப்புறம் அனுமதி கேட்டு மனு கொடுத்திருந்தார். பதிலுக்கு இடிப்பு ஆணை வந்தது. அன்றைக்கு அவர் வீட்டில் தறியில் புதுப் பாவு, அதாவது சேலைக்கான நீளவாட்டு நூல், ஏற்றிப் பூஜை. முத்திரை குத்திய காகிதத்தைப் பார்த்ததும் அனுமதிதான் வந்துவிட்டது என்று நினைத்து, மஞ்சள் தடவிச் சாமி படத்தின் முன் வைத்துவிட்டார்கள். பூஜையில் வைத்ததைப் பாவு நெய்து முடிக்கும்வரை எடுப்பதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம். மேல்முறையீட்டுக்கு இருந்த ஒரு மாதக் கெடு அங்கேயே கழிந்தது. பாவு முடிந்தபின், காகிதத்தைப் பத்திரப்படுத்த வேண்டுமா என்று கேட்கத்தான் ஏகாம்பரத்திடம் வந்தார் தணிகாசலம்.

தாமதத்தை மன்னிக்கக் கேட்டு ஏகாம்பரம் மனுப் போட்டார். மஞ்சள் கறையோடு இருந்த ஆணையையே நீதிபதியிடம் நீட்டினார். ஆணை போட்ட அலுவலகத்துக்கு நான் வக்கீல். எழுந்து, "மஞ்சள் தடவினால் கெடு நீளும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?" என்றேன். கோர்ட்டே சிரித்தது. எதற்கென்று தெரியாமல் தணிகாசலமும் மரியாதைக்குச் சிரித்தார். மனு தள்ளுபடி. சீ, அந்த வெற்றிக்கு அன்று மத்தியானம் பிரியாணி சாப்பிட்டேன்.

இடிக்க ஆள் வந்த காலையில் கொட்டகைத் தறியில் அடுத்த பாவு இருந்தது, பாதிச் சேலையோடு. முதலாளி கொடுத்த பட்டு. அறுந்தால் அந்த வீட்டுக்கு இனி யாரும் பட்டு கொடுக்க மாட்டார்கள். ஏகாம்பரம் கறுப்புக் கோட்டோடு தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்துகொண்டார். "பாவைக் கழட்டிகினு இருக்காங்க. அது வெளியே போற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். ஜல்தின்னா என் மேலயே கடப்பாரையைப் போடுங்க" என்றார். வந்தவர்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நான் தெருவில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவு பிழைத்தது. கொட்டகை பத்து நிமிடத்தில் தரைமட்டம். தணிகாசலம் களம்பூர் ரைஸ் மில்லுக்கு மூட்டை தூக்கப் போனார்.

ஏகாம்பரம் இதற்காக என்னிடம் முகம் திருப்பவில்லை. கோபமா என்று ஒருநாள் நானே கேட்டேன். "உன் வாதம் சரிதாம்பா. தப்பா இருந்தா மேல் கோர்ட்டுக்குப் போய் அடிச்சிருப்பேன். சரியா இருந்துச்சு பாரு, அதான் பேஜாரு" என்றார்.

இரங்கல் கூட்டத்தைப் பஜாரில் ஒரு பட்டு வியாபாரியின் கல்யாண மண்டபத்தில், இரண்டாவது மாடியில் வைத்தார்கள். அந்த மாடிக்கு அனுமதியே கிடையாது. அதற்கும் முன்பே இடிப்பு ஆணை வந்திருந்தது. இரண்டு வருடம் கழித்துச் சாவகாசமாக மேல்முறையீடு செய்தார்கள். அங்கேயும் அலுவலகத்துக்கு நான்தான் வக்கீல்; அவர்கள் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. தாமதம் மன்னிக்கப்பட்டது, இடிக்கத் தடையும் கிடைத்தது. அந்த மேடையில் ஏகாம்பரத்தின் படம்! த்தூ. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

தணிகாசலம் சாமந்தி மாலையோடு வந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அண்ணாந்து பார்த்து, "இம்மாம் பெருசுக்குப் பர்மிஷன் குடுத்தாங்களாங்க?" என்றார்.

"இல்ல" என்றேன்.

"அப்ப நான் ஏறலைங்க. நீங்களே போட்டுடுங்க" என்று மாலையை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நானும் ஏறவில்லை. ஏகாம்பரத்தின் நினைவாக என்னிடம் இருப்பது அந்த மாலைதான். என் வீட்டு ஆணியில் காய்ந்து கிடக்கிறது. அவர் படத்துக்குப் போடும் யோக்கியதை எனக்கில்லை. தூக்கி எறியவும் கை வரவில்லை.