நீலக் கோட்டுக்குள் ஒரு மணித்தியாலம்

சுவிஸில், ஊஸ்டர் நகரில் அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் ஒரு கண்ணால் அழுது, மறுகண்ணால் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். வெளியே, வந்த நேரம் காட்டும் டிஸ்க்கைக் கார்க் கண்ணாடியில் வைத்து, நீலக் கோட்டுக்குள் ஒரு மணித்தியாலம்தான் கார் விடலாம். பிறகு இடம் மாற்றாவிட்டால் தண்டம்.

ஆறடிக்கு மேல் உயரமான ஒருவர், எங்களுக்கு என்ன உறவென்று தெரியாது, எல்லாரிடமும் சாவி வாங்கிக் கார்களை மாற்றி மாற்றி விட்டுக்கொண்டிருந்தார். தேவாரத்துக்கு நடுவே தலையை நீட்டி, "சிவப்புக் கார் ஆரின்ர? பொலிஸ் வாறான்!" என்பார்.

என்னிடமும் கை நீட்டினார்.

"அது அம்மாவின்ர கார், அண்ணை. நானே மாத்திறன்."

"அழுறதுக்கும் டிஸ்க் வைக்கப்போறியோ? நீ அம்மாவோட இரு."

எல்லாம் முடிந்ததும் சாவியைத் தந்தார். "ரெண்டுதரம் மாத்தினன், தம்பி. சீற்றைப் பின்னுக்குத் தள்ளேல்லை. அம்மா இருந்த மாதிரியே கிடக்கு."

அம்மா ஐந்தடிகூட இல்லை. அவர் முழங்கால்களை எங்கே வைத்திருப்பார் என்று இன்னும் யோசிக்கிறேன்.