ஆன்ட்டி போட்ட கையெழுத்து

ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயாவில் மூன்றாம் மாடி பிளாட் ஒன்றில் ஐந்து வருடம் வாடகைக்கு இருந்தோம். அந்த வீட்டை நினைத்தாலே எனக்கு அன்னாசிப்பழ வாசம் வந்துவிடும். பெக்கான் நானாஸிலிருந்து மாமனார் மாதம் ஒரு சாக்கு அனுப்பிவைப்பார். மாதக் கடைசியில் கோழிக்கறி இருக்காது, அன்னாசிப் பச்சடி இருக்கும். மகன் தட்டைப் பார்த்து, "அலமாக்! இன்னிக்கும் நானாஸா?" என்பான். அதட்டிச் சாப்பிட வைப்பேன். இன்று அவனே காசு கொடுத்து வாங்கித் தின்கிறான், கழுதை.

அப்போது நான் அரசு மருத்துவமனையில் டாக்டர். மகப்பேறு மருத்துவத்தில் மேற்படிப்பும் படித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் வீட்டில் காசு கொட்டிக் கிடக்கிறது என்று சொந்தக்காரர்களுக்கு ஒரு நினைப்பு. கல்யாணப் பத்திரிகை ஒன்று தவறாது. முதல் படிப்புக்கு வாங்கிய கடனே பாதி நிற்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போய்வந்தார். அவர் சம்பளம் வாடகைக்கும் மகனுக்கும் மாமியாரின் மருந்துக்கும் சரியாக இருந்தது.

கடைசிப் பரீட்சை நெருங்கியது. கட்டணம் கட்ட வேண்டும், படிக்க மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பும் எடுக்க வேண்டும். அரசு ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கடன் கேட்டேன். அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்காரரின் சிங்கப்பூர்ச் சம்பளம் அங்கே செல்லாது. பள்ளி ஆசிரியரான என் சித்தப்பா, "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேம்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் போனையே எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் ஆள் கிடைக்காவிட்டால் அந்த வருடப் பரீட்சை போச்சு. இன்னொரு வருடம் இழுக்க எங்களுக்குத் தெம்பில்லை. படிப்பையே விட்டுவிடுவது என்று பேசி முடித்திருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகல் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், தரைத்தள வீட்டு ஆன்ட்டி. எங்கள் மருத்துவமனையிலேயே வேறு வார்டில் உதவியாளராக இருந்தவர். கணவர் இல்லை. சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்தார், நல்ல சேலை, கையில் பிளாஸ்டிக் உறை. எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. ஞாயிறானால் போதும், வேலைக்கு மட்டம் போட எம்.சி. என்ற மருத்துவ விடுப்புச் சீட்டு எழுதித் தரச் சொல்லி அந்த பிளாக்கில் யாராவது என் வாசலில் வந்து நிற்பார்கள்.

"ஆன்ட்டி, எம்.சி. எல்லாம் வீட்ல வச்சுத் தர முடியாது! உங்களுக்குமா சொல்லணும்?"

அவர் அசையவில்லை. "முடிஞ்சுதா? போய்த் தண்ணி குடி. இப்ப யாரு உன்கிட்ட எம்.சி. கேட்டா?" வார்டில் 'டாக்டர், நீங்க' என்பவர், படியேறி வந்தால் 'நீ' என்றுதான் பேசுவார். உறைக்குள்ளிருந்து ஐ.சி. அடையாள அட்டையின் நகலையும் மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் எடுத்து மேசையில் வைத்தார். "உன் வீட்டுக்காரர் காலைல மார்க்கெட்ல மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னாரு. என்னன்னு கேட்டேன், சொன்னாரு. எங்க கையெழுத்து போடணும், காட்டு."

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "ஆன்ட்டி, நான் கட்டாம விட்டா உங்க சம்பளத்துல பிடிச்சுடுவாங்க."

"பிடிக்கட்டும் லா. நீ என்ன ஊரை விட்டா ஓடப் போற?"

நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார். கடன் கிடைத்தது.

விடுப்பின் இரண்டாவது மாதம் மழையில் மோட்டார் சைக்கிள் வழுக்கி வீட்டுக்காரருக்குக் கால் முறிந்தது. இரண்டு மாதம் அவருக்கும் சம்பளமில்லை. சங்கத்துக்குக் கட்ட வேண்டிய இரண்டு தவணையைக் கட்டவில்லை. கடிதம் வரும், போன் வரும் என்று பயந்துகொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை. "மறந்துட்டாங்க போல," என்றார் வீட்டுக்காரர், கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு. நானும் நம்பினேன். கடன் கொடுத்தவன் மறப்பானா? படித்த முட்டாள்கள் நாங்கள். பரீட்சையில் தேறினேன். செய்தி கேட்ட அன்று ஆன்ட்டி மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். என் வாழ்க்கையில் அப்படிச் சந்தோஷமான நாட்கள் குறைவு.

போன வருடம் அந்தக் கடனை ஒரேயடியாக அடைக்க ஜொகூர் பாரு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரிலிருந்த மலாய்ப் பெண் கணக்கை அச்சடித்துக் கொடுத்தாள். இரண்டு மாதத்துக்கு நேரே வேறு குறிப்பு இருந்தது. என்னவென்று கேட்டேன். பிணை நின்றவர் சம்பளத்தில் பிடித்தது என்றாள்.

காரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்த மாதங்கள் ஞாபகம் வந்தன. அலோர் ஸ்டாரில் கட்டிக்கொடுத்த ஆன்ட்டியின் மகளுக்கு அப்போதுதான் தலைப்பிரசவம். ஒரே மகள். ஆன்ட்டி போகவில்லை. "முதுகு வலிம்மா, அவ்வளவு தூரம் பஸ்ல உக்கார முடியாது," என்றார். நானும் பெரிய டாக்டராட்டம் முதுகைத் தட்டிப் பார்த்து மாத்திரை கொடுத்தேன்.

நேரே பெர்மாஸ் ஜெயாவுக்குப் போனேன். ஆன்ட்டி ஓய்வு பெற்று அதே வீட்டில்தான் இருக்கிறார். பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றே கத்தினேன். "ஏன் ஆன்ட்டி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா நீ படிச்சிருப்பியா?"

"அலோர் ஸ்டாருக்கும் அதனாலதான் போகலையா?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "சம்பளத்துல பிடிச்சுட்டாங்க. பொறந்த பிள்ளைக்கு ஒரு மோதிரம்கூட இல்லாம, வெறுங்கையோட சம்பந்தி வீட்ல போய் எப்படிம்மா நிக்கிறது?"

நான் உள்ளே போய் அவர் எதிரே உட்கார்ந்தேன். "உங்க மக ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்காம இருப்பாளா? இன்னிவரைக்கும் சொல்லிக் காட்டுறா. முதுகு வலிடி, டாக்டரே மாத்திரை கொடுத்தாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன்."